ஓர் எழுத்தும் ஒரு தேதியும்

(தில்லி புசா ரோடு வட்டாரத் தமிழ்ப் பெற்றோருக்கான உரை)



புசா ரோடு உங்களுக்குத் தெரிந்த சாலை. அருகே கரோல் பாக் கடைவீதி. பக்கத்திலேயே பழைய ராஜேந்திர நகர். தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் 1923ஆம் ஆண்டு தொடங்கியது. அதன் பள்ளிகளில் ஒன்று இந்தச் சாலையில் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம். அதைத்தான் எல்லோரும் 'புசா' என்று சொல்கிறார்கள்.

அந்த நிலையம் முதலில் தில்லியில் இல்லை. 1905இல் பீகார் மாநிலத்தில் புசா என்ற ஊரில் தொடங்கியது. 1934இல் அங்கே பெரிய நிலநடுக்கம் வந்தது. கட்டடம் இடிந்தது. 1936இல் நிலையம் தில்லிக்கு வந்தது. ஊர்ப் பெயரும் கூடவே வந்துவிட்டது.

இந்தப் புசாவுக்கு 1947இல் ஒரு தமிழ் மாணவர் படிக்க வந்தார். கும்பகோணத்தில் பிறந்தவர். கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். பெயர் எம். எஸ். சுவாமிநாதன். புசாவில் படிப்பு முடிந்த நேரத்தில் அவருக்கு முன்னே இரண்டு வழிகள் இருந்தன. அரசுத் தேர்வு எழுதியதில் போலீஸ் அதிகாரி வேலைக்குத் தேர்வாகியிருந்தார். அதே சமயம் நெதர்லாந்து நாட்டில் உருளைக்கிழங்கு பற்றி ஆராய்ச்சி செய்ய யுனெஸ்கோ உதவித்தொகையும் கிடைத்தது.

போலீஸ் அதிகாரி வேலை என்றால் கை நிறையச் சம்பளம். ஊரில் மரியாதை. ஆனால் அவர் உதவித்தொகையைத் தேர்ந்தெடுத்தார். 1949இல் நெதர்லாந்து போனார். பிறகு இங்கிலாந்து போனார். 1952இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1954இல் நாடு திரும்பினார். 1966இல் அதே புசா நிலையத்துக்கு இயக்குநர் ஆனார். நாட்டில் கோதுமை விளைச்சல் பெருக உழைத்தவர்களில் முன்னே நின்றவர் அவர். 2023இல் காலமானார். 2024இல் அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது.

அந்த உதவித்தொகை இல்லாவிட்டால் அவர் போலீஸ் வேலைக்குப் போயிருக்கக்கூடும். ஒரு மாணவருக்குச் சரியான நேரத்தில் கிடைத்த பணம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

"அவர் பெரிய மேதை. நம் வீட்டுப் பிள்ளைக்கு யார் கொடுப்பார்கள்?" என்று சிலர் கேட்கலாம். மேதைக்கு மட்டும் அல்ல, சாதாரணமாகப் படிக்கிற பிள்ளைக்கும் உதவித்தொகை உண்டு. அது எங்கே இருக்கிறது, எப்படிக் கேட்பது, எப்படி நழுவிப் போகிறது என்று பார்ப்போம்.

கல்லூரிப் பிள்ளைக்கு என்ன உதவி உண்டு?

முதலில் மத்திய அரசின் உதவி. கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஓர் உதவித்தொகை உண்டு. ஆண்டுக்கு 82,000 புதிய மாணவர்களுக்கு இது கிடைக்கும். அதில் பாதி இடம் பெண்களுக்கு. பட்டப் படிப்பின் முதல் மூன்று ஆண்டுகளில் ஆண்டுக்கு 12,000 ரூபாய். முதுகலைப் படிப்பில் ஆண்டுக்கு 20,000 ரூபாய். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வேண்டும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு நான்கரை லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

இரண்டாவது, தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர்களுக்கான உதவித்தொகை. பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கிறவர்களுக்கு உரியது. 2021இல் வந்த விதிகளின்படி குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கட்டாயக் கல்விக் கட்டணம் கிடைக்கும். அதோடு படிப்பைப் பொறுத்து ஆண்டுக்கு 2,500 முதல் 13,500 ரூபாய் வரை படியும் கிடைக்கும். குடும்பம் எந்த மாநிலத்தில் நிலையாக வாழ்கிறதோ அந்த மாநிலத்தின் வழியாகத்தான் இதைக் கேட்க வேண்டும். பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கும் தனித்தனி உதவித்தொகைகள் உண்டு.

மூன்றாவது, தமிழ்நாட்டு அரசின் உதவி. அங்கே 2022இல் புதுமைப் பெண் திட்டம் வந்தது. 2024இல் ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. கல்லூரியில் படிக்கும்போது மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். ஆனால் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியிலோ, தமிழ் வழியில் அரசு உதவி பெறும் பள்ளியிலோ படித்திருக்க வேண்டும். தில்லியில் படித்த பிள்ளைக்கு இது கிடைக்காது. ஊரில் பாட்டி வீட்டில் தங்கிப் படித்த பிள்ளைக்குக் கிடைக்கும்.

நான்காவது, கல்விக் கடன். 2024 நவம்பரில் பிரதமர் வித்யாலட்சுமி என்ற திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. திட்டத்தில் சேர்ந்த சிறந்த கல்வி நிலையங்களில் இடம் கிடைத்தவர்களுக்கு மட்டும் இது உரியது. நகை, நிலம் அடகு வைக்க வேண்டாம். ஜாமீன் ஆள் வேண்டாம். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. உதவித்தொகை திருப்பித் தர வேண்டாத பணம். கடன் திருப்பித் தர வேண்டிய பணம். ஆகவே முதலில் உதவித்தொகையைக் கேட்க வேண்டும். போதாத தொகைக்கு மட்டும் கடனைக் கேட்க வேண்டும்.

பணம் எங்கே நின்று போகிறது?

மத்திய அரசின் பெரும்பாலான உதவித்தொகைகளுக்குத் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பம் போட வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. கம்ப்யூட்டர் கடையில் உதவி செய்தால் அந்த வேலைக்குக் கூலி கொடுக்கலாம். "ஐயாயிரம் கொடு, உதவித்தொகை வாங்கித் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால், அவரை நம்ப வேண்டாம்.

விண்ணப்பத்துக்குத் தேவையான காகிதங்கள் இவை:

1. ஆதார் அட்டை
2. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்
3. வருமானச் சான்று
4. சாதிச் சான்று (உரியவர்களுக்கு)
5. கல்லூரிக் கட்டண ரசீது
6. பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்குப் புத்தகம்

காகிதம் எல்லாம் கையில் இருந்தும் பணம் வராமல் போவது உண்டு. ஏன்?

ஒரு பெண்ணின் பெயர் கலா என்று வைத்துக்கொள்வோம். தகப்பனார் பெயர் முருகன். தமிழ் வழக்கப்படி அவள் மு. கலா. பள்ளிச் சான்றிதழில் 'கலா எம்.' என்று இருக்கிறது. ஆதாரில் 'கலா முருகன்' என்று இருக்கிறது. வங்கியில் வெறும் 'கலா' என்று எழுதிவிட்டார்கள். நமக்கு மூன்றும் ஒரே பெண். கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். வடக்கே இது அதிகம் நடக்கிறது. இங்கே உள்ளவர்களுக்கு இனிஷியல் பழக்கம் தெரியாது. கடைசிப் பெயர் என்ன என்று கேட்டு, எதையாவது எழுதிவிடுவார்கள்.

முன்பு பெற்றோர் இதைக் கவனிக்க முடியவில்லை. அதிகாரி நீட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. இன்று உங்களால் படிக்க முடியும். எழுத்துக் கூட்டிப் படித்தாலும் போதும். ஆங்கில எழுத்தாக இருந்தாலும், மூன்று காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்க முடியும். பிறந்த தேதியையும் அப்படியே பார்க்க வேண்டும். வேறுபாடு இருந்தால், கல்லூரி தொடங்குவதற்கு முன்பே திருத்த வேண்டும். பள்ளிச் சான்றிதழைத் திருத்துவது கடினம். ஆகவே அதில் உள்ளபடி மற்றவற்றை மாற்றிக்கொள்வது எளிது.

அடுத்தது வங்கிக் கணக்கு. கணக்கு ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். அரசு பணத்தை நேரே அந்தக் கணக்கில்தான் போடும். பல நாள் பணம் போடாமல் எடுக்காமல் விட்ட கணக்கு முடங்கிப் போயிருக்கலாம். வங்கிக்குப் போய்க் கேட்டால் தெரிந்துவிடும்.

வருமானச் சான்று வாங்கவும் நாளாகும். தில்லியில் வருவாய்த் துறை அதைத் தருகிறது. தமிழ்நாட்டில் தாசில்தார் தருகிறார். அங்கே இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கடைசி வாரத்தில் ஓடினால் கிடைக்காது. மே மாதமே தொடங்க வேண்டும்.

விண்ணப்பம் போட்டதோடு வேலை முடியவில்லை. அதைக் கல்லூரி சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும். கல்லூரி அனுப்பாவிட்டால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். பிழை இருந்தால் திருத்தச் சொல்லி மாணவருக்கே திருப்பி அனுப்புவார்கள். அதற்கும் ஒரு கடைசித் தேதி உண்டு. ஆகவே விண்ணப்ப எண்ணை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். "கல்லூரி அனுப்பிவிட்டதா?" என்று பிள்ளையை வாரம் ஒருமுறை கேளுங்கள்.

கட்டணப் பணமும் பிள்ளையின் கணக்குக்கே வருவது உண்டு. அதைக் கல்லூரிக்குக் கட்டிவிட வேண்டும். வீட்டில் வாடகை பாக்கி இருக்கும். மளிகைக் கடன் இருக்கும். கை நீளத்தான் செய்யும். ஆனால் அந்தப் பணத்தை எடுத்தால் பிள்ளையைத் தேர்வு எழுத விடாமல் நிறுத்தக்கூடும். அப்படி நிற்கும்போது, முதலில் வீட்டில் உட்காருவது பெண் பிள்ளைதான்.

கிடைத்ததைக் காப்பாற்ற வேண்டும்

உதவித்தொகை ஒருமுறை கிடைத்தால் எப்போதும் வரும் என்று நினைக்கக்கூடாது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். மேலே சொன்ன 12,000 ரூபாய் தொடர்ந்து வர, 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும்.

கணித மேதை ராமானுஜனும் கும்பகோணத்தில் வளர்ந்தவர். அங்கே அரசுக் கல்லூரியில் 1904இல் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கையே போட்டுக்கொண்டிருந்தார். மற்ற பாடங்களைக் கவனிக்கவில்லை. உதவித்தொகை நின்றுவிட்டது. அவர் இந்தியாவில் பட்டம் பெறவே முடியவில்லை. பிறகு சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை பார்த்தார். 1913இல்தான் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. இடையில் எத்தனை ஆண்டுகள்! ராமானுஜனுக்கே அந்த நிலை என்றால், மற்றவர்கள் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்?

பட்டம் வாங்கிய பிறகு?

பட்டம் வாங்கியதும் வேலை வீடு தேடி வராது. சில வழிகளைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒன்று, தொழில் பழகுநர் பயிற்சி. இதற்கு 1961ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. பட்டம், டிப்ளமோ பெற்றவர்கள் ஒரு நிறுவனத்தில் வேலை பழகலாம். மாதம் உதவித்தொகை கிடைக்கும். முடிவில் சான்றிதழ் கிடைக்கும்.

இரண்டு, மேற்படிப்பும் ஆராய்ச்சியும். முதுகலை படித்தவர்கள் நெட் என்ற தேர்வு எழுதலாம். அதில் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேர்வாகி, ஆராய்ச்சியில் சேர்ந்தால் பணம் கிடைக்கும். 2023 ஜனவரி முதல் அது மாதம் 37,000 ரூபாய். புசா போன்ற நிலையங்களில் வேளாண்மை ஆராய்ச்சிக்கும் உதவித்தொகை உண்டு. படித்துக்கொண்டே வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். "இன்னும் எத்தனை வருடம் படிப்பாய்?" என்று கோபப்படும் முன்பு இதை ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்று, அரசுத் தேர்வுகள். கலெக்டர் வேலைக்கான மத்திய அரசுத் தேர்வுக்கு விண்ணப்பக் கட்டணம் 100 ரூபாய்தான். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கும் அதுவும் இல்லை. செலவு எல்லாம் பயிற்சியில்தான். கரோல் பாக்கிலும் ராஜேந்திர நகரிலும் எத்தனை பயிற்சி மையங்கள்! தமிழ்நாட்டிலிருந்தும் பிள்ளைகள் வந்து தங்கிப் படிக்கிறார்கள். அதற்காக நிலத்தை விற்ற பெற்றோரும் உண்டு.

விற்கும் முன்பு அரசு உதவியைக் கேட்கலாம். சென்னையில் தமிழ்நாட்டு அரசின் பயிற்சி மையம் இலவசமாகக் கற்றுக்கொடுக்கிறது. நான் முதல்வன் திட்டத்தில் ஒரு தேர்வு வைத்து 1,000 பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். முதல்நிலைத் தேர்வுக்குப் படிக்க மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதம் தருகிறார்கள். தில்லியில் ஜாமியா மில்லியா பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கும், சிறுபான்மையினர், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் தேர்வு வைத்து இலவசப் பயிற்சி தருகிறார்கள்.

தனியார் மையத்தில் சேர்த்தால் இடத்தை நேரில் பாருங்கள். 2024 ஜூலை 27 அன்று பழைய ராஜேந்திர நகரில் ஒரு மையத்தின் நிலவறைக்குள் மழைத் தண்ணீர் புகுந்தது. அங்கே படித்துக்கொண்டிருந்த மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அறை எங்கே இருக்கிறது, வெளியேற எத்தனை வழி என்று கேட்பது பெற்றோரின் உரிமை.

தேர்வில் வெற்றி பெறுகிறவர்கள் சிலர்தான். ஆகவே எத்தனை ஆண்டு முயற்சி செய்வது, அதன் பிறகு என்ன வேலை பார்ப்பது என்று பிள்ளையோடு உட்கார்ந்து முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும்.

இனி என்ன செய்ய வேண்டும்?

வீட்டுக்கு ஒரு நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் பிள்ளையின் பெயரைப் பள்ளிச் சான்றிதழில் உள்ளபடி எழுதுங்கள். அடுத்த பக்கத்தில் விண்ணப்ப எண், கடைசித் தேதி, கல்லூரி அனுப்பிய நாள், பணம் வந்த நாள் ஆகியவற்றை எழுதுங்கள். தேதி ஆண்டுதோறும் மாறும். புதிதாகக் கேட்டு எழுத வேண்டும். கல்லூரி அறிவிப்புப் பலகையைப் பிள்ளை பார்க்க மறந்தால், நீங்கள் போய்ப் படியுங்கள்.

படித்த பிள்ளைக்கு எல்லாம் தெரியும் என்று விட்டுவிட வேண்டாம். பதினெட்டு வயதுப் பிள்ளை. தாசில்தார் அலுவலகம் அதற்குப் புதிது. வங்கியும் புதிது. பக்கத்தில் ஒருவர் நின்றால் தைரியம் வரும்.

இன்று இரவே பெட்டியைத் திறந்து அந்த மூன்று காகிதங்களையும் எடுங்கள். பெயரைப் படித்துப் பாருங்கள். எழுத்து மாறியிருந்தால், நாளைக்கே திருத்தப் புறப்படுங்கள்.