கொடுமுடி தந்த குரல்



நம் குண்டடத்திலிருந்து காங்கயம் வழியாகக் கிழக்கே சென்றால், காவிரிக் கரையிலே கொடுமுடி என்னும் திருத்தலத்தை அடையலாம். அவ்வூரில் 1908-ஆம் ஆண்டில் பிறந்தவர் கே. பி. சுந்தராம்பாள். பெயரின் முதலெழுத்து ஊரையும், அடுத்த எழுத்துப் பாலாம்பாள் என்னும் அன்னையையும் குறிக்கும். வறுமை மிக்க குடும்பம். சிறுமியாய் இருந்தபோது ரயில் வண்டியில் பாடிச் சில்லறை பெற்றதுண்டு என்பர்.

பின்னர் நாடகக் குழுவிற் சேர்ந்தார். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கடைசி வரிசையில் மணல்மேல் அமர்ந்திருப்பவனுக்கும் பாட்டின் சொல் விளங்கவேண்டும். அக்கண்டிப்பான பயிற்சியில் உரம் பெற்றது அவர் குரல். இலங்கையிலும் தமிழகத்திலும் புகழ் பரவியது. ஆயினும், மேடையேறும் பெண்ணின் பாட்டை விரும்பிய சமூகம், அவளுக்கு உரிய மதிப்பை அளிக்கத் தயங்கியது என்பதை மறத்தலாகாது.

செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுடன் மேடையில் இணைந்தார், வாழ்விலும் இணைந்தார். 1933-இல் கிட்டப்பா மறைந்தார். அம்மையாருக்கு அப்போது வயது 25. வெள்ளாடை பூண்டார், இனி எந்த ஆடவருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என உறுதி பூண்டார். காதற் காட்சிகளையே நம்பியிருந்த தொழிலில், இவ்வுறுதியோடு எவ்வாறு நிலைப்பது?

அவர் நிலைத்த விதந்தான் நாம் கற்கவேண்டிய பாடம். 1935-இல் வெளிவந்த ‘நந்தனார்’ படத்தில், நந்தனாராகிய ஆண் வேடத்தையே தாம் ஏற்றார். அதற்குப் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். அக்காலத்தில் நாடே வியந்த தொகை! 1940-இல் மணிமேகலை, 1953-இல் ஔவையார், 1964-இல் ‘பூம்புகார்’ படத்திலே கவுந்தியடிகள் என, துறவும் அறிவும் சான்ற பாத்திரங்களையே ஏற்றார். துயரம் அவரைத் தொழிலினின்று விலக்கவில்லை. தொழிலும் அவர் உறுதியைக் கலைக்கவில்லை.

விடுதலை இயக்க மேடைகளிலும் அவர் குரல் ஒலித்தது. 1950-களில் சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினராக அமர்ந்தார். ‘துணைவன்’ படப் பாடலுக்காக 1969-ஆம் ஆண்டுக்குரிய தேசிய விருதையும், 1970-இல் பத்மஸ்ரீ விருதையும் பெற்றார். 1980-இல் மறைந்தார். மதிக்கத் தயங்கிய சமூகம், அவரை ஔவையாராகவே கண்டு கைகூப்பியது.

மாணவச் செல்வங்களே! அவர் பாடலை ஒருமுறை செவிகொடுத்துக் கேளுங்கள். ழகரமும் ளகரமும் மயங்கா. ஓர் எழுத்தும் தேயாது. பின்பு உங்கள் பாடநூலில் ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஓர் ஏழைச் சிறுமி தமிழை எவ்வளவு போற்றினாள் என்பது அப்போது விளங்கும்.