அமுக்கிய காற்றில் ஓடும் எந்திரம்



பெட்ரோல் இல்லை, நெருப்பு இல்லை, புகையும் இல்லை. வெறும் காற்றைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழல வைக்க முடியுமா? முடியும். கோலா தெர்லாவில் நாங்கள் மாணவர்களோடு செய்து பார்க்கும் ஒரு சிறிய எந்திரத்தைப் பற்றியும், அது நமக்குக் கற்பிக்கும் பாடத்தைப் பற்றியும் இன்று காண்போம்.

காய்கறி ஏற்றிச் செல்லும் லோரி நிற்கும்போது 'புஸ்' என்று ஓர் ஓசை எழுகிறதல்லவா? பிரேக்கை இயக்கிய அமுக்கக் காற்று வெளியேறும் ஓசை அது. காற்றை நெருக்கி அடைத்தால் அது மீண்டும் விரியத் துடிக்கும். விரியும்போது எதிரே உள்ளதைத் தள்ளும். அந்தத் தள்ளுதலே நமது எந்திரத்தின் உயிர்.

இனி எந்திரத்தைச் செய்வோம். ஒரு முனை அடைத்த, விரல் நீளப் பித்தளைக் குழாய் ஒன்று வேண்டும். அதுவே உருளை. அதற்குள் இறுகாமலும் தளராமலும் வழுக்கிச் செல்லும் பித்தளைத் தண்டுதான் பிஸ்டன். தண்டின் வெளிமுனையை, கனமான ஒரு சிறு சக்கரத்தில் மையத்தை விட்டுத் தள்ளி அடித்த ஆணியில் மாட்டுகிறோம். குழாயின் பக்கத்தில் தட்டையான பித்தளைத் துண்டைப் பற்றவைத்து, அதன் நடுவில் ஓர் அச்சாணி பொருத்துகிறோம். இந்த அச்சாணியை, நிமிர்த்தி நிறுத்திய ஒரு தகட்டின் துளையில் செருகி, பின்புறம் சிறு சுருள்வில்லால் இழுத்துப் பிடிக்க வேண்டும். சக்கரம் சுற்றச் சுற்ற, குழாய் தொட்டிலைப் போல் இருபுறமும் ஆடும்.

அந்த ஆட்டமே வால்வின் வேலையையும் செய்துவிடுகிறது. அடைத்த முனைக்கு அருகே, தட்டைத் துண்டு வழியாகக் குழாய்க்குள் ஒரு துளை. அதற்கு எதிரே தகட்டில் வலம் ஒன்று, இடம் ஒன்றாக இரண்டு துளைகள். குழாய் ஒருபுறம் சாயும்போது அமுக்கக் காற்று உள்ளே புகுந்து தண்டைத் தள்ளும்; மறுபுறம் சாயும்போது பழைய காற்று வெளியேறும். இடைப்பட்ட வேளையில், சக்கரம் தன் கனத்தால் தானே சுழன்று தண்டை மீட்டுக் கொண்டுவரும். மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் போதும். அழுத்தம் மிகுந்தால் சுருள்வில் இளகி, இடுக்கு வழியாகக் காற்று கசிந்துவிடும். இது நமக்கு ஒரு காவலும் ஆகிறது.

காற்றுக்கு ஏற்ற பாத்திரம், சக்கரத்தில் பொருத்திய நல்ல கார் டயர். சைக்கிள் பம்பால் அடிக்கும்போதே பம்பின் அடிப்பகுதி சுடுவதைத் தொட்டுப் பாருங்கள். நம் உழைப்பின் ஒரு பங்கு அங்கேயே வெப்பமாகி வீணாகிறது. எந்திரத்திலோ காற்று விரியும்போது குளிர்கிறது. அழுத்தம் மிகுந்த பெரிய எந்திரங்களின் வெளிவழியில் பனிக்கட்டியே படிவதுண்டு. அதனால்தான் 1879-இல் பிரான்சின் நாந்த் நகரில் ஓடத் தொடங்கிய காற்று டிராம்களில், காற்றை வெந்நீர் வழியாகச் செலுத்திச் சூடாக்கினார்கள்.

இப்போது ஒரு கணக்கு. டயரின் உள்ளளவு 30 லிட்டர், வெளிக்காற்றுக்கு மேல் இரண்டு மடங்கு அழுத்தம் என்று கொள்வோம். சிறிதும் இழப்பில்லாமல் விரிந்தால், அந்தக் காற்று 40 கிலோ எடையுள்ள ஒரு மாணவனைச் சுமார் 10 மீட்டர் உயரம் தூக்கும். நம் எந்திரம் தருவதோ அதில் சிறு பங்குதான். வெளிவழியில் சீறிச் செல்லும் காற்று இன்னும் முழுதாக விரியவில்லை. அந்தச் சீறல் இழப்பின் குரல்.

இவ்வளவு வீணாகும் காற்றை ஏன் பயன்படுத்தினார்கள்? கோலார் தங்கவயல் விடை சொல்லும். வட ஆர்க்காடு போன்ற மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக உழைத்தார்கள். சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போயிற்று. அந்த ஆழத்தில் பாறையைத் துளைத்த கருவிகள் அமுக்கக் காற்றில் ஓடின. அவை புகை கக்கவில்லை. வேலை முடித்து வெளிவந்த காற்று, புழுக்கத்தில் நின்றவர்களுக்குச் சற்றுக் குளிர்ச்சியும் தந்தது. ஆனால் துளையிடுகையில் எழுந்த பாறைத்தூள் பலரின் நுரையீரலைக் கெடுத்தது. கருவி நல்லதாயினும் அதைப் பிடித்திருப்பவரின் மூச்சையும் எண்ண வேண்டும். அந்தச் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன.

அந்தத் தங்கவயலுக்கு 1902 முதல் சுமார் 150 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மின்சாரம் வந்தது. சிவசமுத்திரத்தில் காவிரி விழும் வேகம் மின்சாரமாயிற்று. மின்சாரம் காற்றை அமுக்கியது. காற்று பாறையைத் துளைத்தது. நம் கோலா தெர்லாவிலும் சிறிய நீர்மின் நிலையம் உண்டு. ஆகவே இந்தச் சங்கிலி நமக்குப் புதிதன்று. காற்று, சக்தியைச் சுமந்து வரும் கூலியாளே தவிர, சக்தியின் ஊற்று அன்று.

இதை அறிந்தவர் எளிதில் ஏமாற மாட்டார். 2007-இல் இந்தியாவின் டாடா மோட்டார்ஸ், எம்.டி.ஐ. என்ற நிறுவனத்தோடு காற்றில் ஓடும் காருக்காக ஒப்பந்தம் செய்தபோது, செலவே இல்லாத வண்டி வருகிறது என்று பலர் மகிழ்ந்தனர். அந்தக் கார் இந்தியாவில் விற்பனைக்கு வரவே இல்லை. 300 லிட்டர் தொட்டியில் 300 மடங்கு அழுத்தத்தில் காற்றை அடைத்தாலும், அதிலுள்ள சக்தி ஏறத்தாழ ஒன்றேகால் லிட்டர் பெட்ரோலின் வெப்பத்துக்கே ஈடாகும். பெட்ரோல் எந்திரம் அந்த வெப்பத்தில் பெரும்பகுதியை வீணாக்குகிறது என்பதும் உண்மை. இருப்பினும், காற்றை அடைக்க மின்சாரம் வேண்டும். அதற்கு விலையும் வேண்டும்.

நிறைவாக, பெற்றோரும் மாணவரும் மனத்தில் நிறுத்த வேண்டியவை. சமையல் எரிவாயுத் தோம்பைத் தொடவே கூடாது. கண்ணாடிப் புட்டியிலும் பழைய தகர டின்னிலும் காற்றை அடைக்கக் கூடாது. வெடித்தால் ஒவ்வொரு சில்லும் கத்தியாகும். பட்டறையிலுள்ள காற்றமுக்கியை நேரே இணைக்கக் கூடாது. டயருக்குக் குறித்த அளவை மீறாதீர்கள். குழாய் இணைப்பைக் கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணியுங்கள். பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும்.

கையால் அடித்த காற்றில் சக்கரம் சுழல்வதைப் பார்க்கும் பிள்ளை, கொடுத்தது எவ்வளவு, திரும்பியது எவ்வளவு என்று கேட்கத் தொடங்கும். அந்தக் கேள்வியை அடக்காதீர்கள்.