சுமை இறங்கிய பிறகு



சென்னைப் புறநகரில் ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர், செம்பாக்கம் பக்கம் தெற்குச் சீமையிலிருந்து வந்து குடியேறிய கிறிஸ்தவக் குடும்பங்கள் பல உண்டு. அந்த வீடுகளின் குடும்ப ஜெபத்தில் வேதாகமத்துக்கும் கீர்த்தனைப் புத்தகத்துக்கும் பக்கத்தில் இருக்க வேண்டிய ஒரு தமிழ்க் காப்பியம் இரட்சணிய யாத்திரிகம்.

எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1827-இல் திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர், கம்பனில் தோய்ந்தவர். 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். ஜான் பனியன் 1678-இல் ஆங்கில உரைநடையில் வெளியிட்ட யாத்திரைக் கதையை 3,766 பாடல்களில் காப்பியமாக்கினார். 1894-இல் நூல் வெளிவந்தது.

பாவச் சுமையோடு நாச நகரை விட்டு ஓடுகிறவன் மோட்ச நகரம் சேரும் கதை அது. சிலுவையைக் கண்டதும் அவன் சுமை தானாகக் கழன்று விழுகிறது. ஆனால் கதை அங்கே முடிவதில்லை. பாதிக்கு மேற்பட்ட வழி அதற்குப் பிறகுதான் இருக்கிறது: செங்குத்தான மலை, சிங்கங்கள், மாயச் சந்தை, கடைசியில் மரண ஆறு. பனியனின் யாத்திரிகன் மலையில் பாதி ஏறியதும் நிழல் கண்டு தூங்கிவிடுகிறான். சிலுவையடியில் பெற்ற சுருளைத் தவறவிடுகிறான். அழுதுகொண்டே திரும்பிப் போய் எடுத்து வருகிறான்.

பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில் பவுலும் ஏற்கெனவே மீட்கப்பட்டவர்களிடம்தான் பயத்தோடும் நடுக்கத்தோடும் நடக்கச் சொல்கிறார். இவ்வளவு விலை கொடுத்தவரின் மனம் நோகக் கூடாதே என்று நன்றியிலிருந்து பிறக்கும் பயம் அது.

அந்த விலையைக் கண்முன் நிறுத்துவதில்தான் கிருஷ்ணபிள்ளையின் மேதைமை. பனியன் சிலுவையைச் சில வரிகளில் கடந்துவிடுகிறார். இவரோ குமார பருவத்தில் இரட்சணிய சரித படலம் என்றே ஒன்று அமைத்து இயேசுவின் பாடுகளைப் பாடுகிறார். கூட்டம் பழிக்கிறது, அவர் பொறுத்து நிற்கிறார். பார்ப்பவர்களோ, பூமி வெடிக்கவில்லையே, வானம் இடிந்து விழவில்லையே என்று துடிக்கிறார்கள். நூலின் உச்சம் இதுவே என்பது என் கணிப்பு. இடையிடையே தேவாரம் என்ற பெயரில் வரும் பாடல்களிலோ நன்றி உருகி ஓடுகிறது. நீண்ட வருணனைகள் சில இடங்களில் கதையைத் தேக்கிவிடுகின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். உரையின் துணையின்றி இன்றைய வாசகருக்கு நடை கடினம்தான்.

சாட்சி சொல்லும்போது இரட்சிக்கப்பட்ட நாளைத் தேதியோடு சொல்கிறோம். அதற்குப் பிறகு நடந்த வழியைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்குக் கூலி கொடுக்கும்போதும், லாரித் தண்ணீருக்காக அண்டை வீட்டாரோடு பேசும்போதும் அந்த நன்றி தெரிய வேண்டாமா?

இரட்சணிய சரித படலத்தின் ஒரு பகுதி தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இடம்பெற்றிருக்கிறது. வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருந்தால், இன்றிரவு ஜெபத்தில் அந்தப் பாடல்களை வாய்விட்டு வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.