சளிச் சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

இருமிக்கொண்டே ஷிப்டுக்குப் போகிறவர்களை நாம் அறிவோம். சளியை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, "க்ஷயக் கிருமி இருக்கிறது" என்கிறார்கள். சரி, அது மருந்துக்குச் சாகுமா? மைக்ராஸ்கோப் சொல்லாது. மருந்துக்கு அடங்குவதும் அடங்காததும் அதில் ஒரே சிவப்புக் குச்சிதான்.

பழைய முறை, வளர்த்துப் பார்ப்பது. கோழிமுட்டை கலந்த பச்சைக் கூழைப் புட்டிகளில் உறைய வைப்பார்கள். ஒன்றில் மருந்து உண்டு, மற்றொன்றில் இல்லை. இரண்டிலும் கிருமியை விதைப்பார்கள். மருந்துள்ள புட்டியில் நூற்றுக்கு ஒன்று முளைத்தாலும் அந்த மருந்து உதவாது என்பது கணக்கு. நாற்றங்கால் போட்டவர்களுக்கு இது புரியும். ஆனால் நெல் மூன்றாம் நாள் முளை கட்டும். இந்தக் கிருமிக்கோ வாரக்கணக்கில் வேண்டும். முதலில் வளர்த்து, பிறகு மருந்தோடு வளர்த்து, முடிவு வர மாதங்கள் ஓடிவிடும். அதுவரை அந்த மனிதர் பலிக்காத மாத்திரையை விழுங்குவார்; பக்கத்தில் படுக்கும் பிள்ளைக்கும் நோயைக் கொடுப்பார்.

2010-ல் உலக சுகாதார ஸ்தாபனம் சிபாரிசு செய்த ஜீன்எக்ஸ்பர்ட் இயந்திரம் கிருமியின் மரபணுவையே பார்க்கிறது. ரிஃபாம்பிசின் பலிக்குமா என்பதைச் சுமார் இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடும். பெரிய காரியம்தான்! ஆனால் ஐசோநயசிட் பற்றி அந்தச் சோதனை வாய் திறக்காது. செத்த கிருமியைக் கண்டாலும் "இருக்கிறது" என்றுவிடும். ஆகவே சிகிச்சையில் குணம் தெரிகிறதா என்று பார்க்க அது லாயக்கில்லை. அதற்கு மைக்ராஸ்கோப்பும் முட்டைப் புட்டியும்தான் வேண்டும்.

சளி கொடுக்கும்போது, "எந்தெந்த மருந்துக்குச் சோதித்தீர்கள்?" என்று கேட்போம். ரிஃபாம்பிசினுக்கு மட்டும் என்றால், ஐசோநயசிட்டுக்கும் பார்க்கச் சொல்வோம்.