அனர்த்த வேளையில் மருத்துவ உதவி: நாம் கற்ற பாடம்

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில், மருத்துவ சேவையிலுள்ள பழைய மாணவியர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



இக்கல்லூரியில் படித்து வைத்தியர்களாகவும் தாதியராகவும் ஆன எம்மிற் சிலர், 2004 டிசெம்பர் 26 அன்று கிழக்குக் கரையோர வைத்தியசாலை ஒன்றில் கடமையில் இருந்தோம். அன்று ஞாயிற்றுக்கிழமை, போயா தினமுங்கூட. விடுதிகளில் ஆட்கள் குறைவு. காலை ஒன்பது மணியளவில் கடல் ஊருக்குள் வந்தது. சற்று நேரத்தில் உழவு இயந்திரங்களிலும் லொறிகளிலும் காயப்பட்டவர்களைக் கொண்டுவரத் தொடங்கினர்.

எம்மிடம் மருந்து இருந்தது, படிப்பும் இருந்தது. ஒழுங்குதான் இருக்கவில்லை. பலமாக அழுதவர்களிடமே ஓடினோம். வாசல் வாங்கிலில் ஓர் இளம்பெண் சத்தமின்றிக் கிடந்தாள். மூச்சு மட்டும் வேகமாக வாங்கியது. இரு தடவைகள் அவளைக் கடந்து போனோம். மூன்றாம் தடவை திரும்பிப் பார்த்தபோது காலம் கடந்துவிட்டது.

பின்னர்தான் முறையாகக் கற்றோம். பெருந்தொகையானோர் வரும்போது வாசலிலேயே தரம்பிரிக்க வேண்டும். ஒருவருக்கு ஒரு நிமிடம் போதும். நடக்கக்கூடியவருக்குப் பச்சை அட்டை. வளர்ந்தவர் ஒருவர் நிமிடத்துக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினாலோ, சொன்னதை விளங்கிச் செய்யாவிட்டாலோ சிவப்பு. சற்றுக் காத்திருக்கக்கூடியவருக்கு மஞ்சள். இறந்தவருக்குக் கறுப்பு. அந்தப் பெண்ணுக்கு உரியது சிவப்பு அட்டை.

வேறு தவறுகளும் செய்தோம். சேறு புகுந்த காயங்களை அன்றே தைத்து மூடினோம்; சில நாட்களில் அவை சீழ் பிடித்தன. நன்கு கழுவி, திறந்தபடி கட்டி, ஏற்புவலித் தடுப்பூசி போட்டு, பின்னரே தைத்திருக்க வேண்டும். கடல்நீர் குடித்த சிலரைச் சுகமென்று வீட்டுக்கு அனுப்பினோம். நியூமோனியாவுடன் திரும்பி வந்தனர். விடுமுறையில் நின்ற தாதியருக்கு ஆளனுப்பினோம்; அவர்களிற் சிலர் கரையில் தம் பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருந்தனர். ஆகவே, அரைவாசிப்பேர் வரமாட்டார்கள் என்று எண்ணியே திட்டம் தீட்ட வேண்டும்.

2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. இன்று 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வருகிறது. மகிழ்ச்சியே. ஆனால், பழகிப் பார்க்காத திட்டம் அலுமாரியில் கிடக்கும் கடதாசிதான்.

'என்ன உபகரணம் அனுப்பலாம்?' என்று வெளிநாட்டுச் சகோதரிகள் அன்போடு கேட்கிறீர்கள். நாம் கேட்பது வேறு. ஒவ்வோர் ஆண்டும் மாரி தொடங்கமுன், ஒரு நாள் ஒத்திகைக்கு உதவுங்கள். எமது கல்லூரி மண்டபத்திலேயே அதை நடத்துவோம். மேல்வகுப்பு மாணவியர் காயப்பட்டவர்களாக நடிக்கட்டும். தாதியர் அட்டை கட்டட்டும். ஒருத்தியை மட்டும் சத்தமின்றி வாங்கிலில் படுக்க வைப்போம். அவளை எத்தனை நிமிடத்தில் கண்டுபிடிக்கிறோம் என்பதே எமக்கான பரீட்சை.