வலிப்பு நோயும் மூளையின் துணையணுக்களும்



நம் வகுப்பறையில் ஒருநாள் மாணவன் ஒருவன் வலிப்புற்று வீழ்ந்தான். உடன் பயில்வோர் தொட அஞ்சி விலகி நின்றனர். ஒருவன் சாவிக்கொத்துடன் ஓடிவந்தான். மறுவாரம் தந்தையார் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தார். “சாமிக் குத்தம் ஐயா, இனி இவனுக்குப் படிப்பு எதற்கு?” என்றார். அவருக்குக் கூறியதையே இங்கும் கூற விழைகிறோம்.

மூளையில் செய்தி கடத்தும் நரம்பணுக்களைச் சூழ்ந்து துணையணுக்கள் உள்ளன. 1856-இல் ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் விர்க்கோ இவற்றை நரம்புப் பசை என்னும் பொருளில் ‘நியூரோகிளியா’ என்றழைத்தார். ஆனால் இவை வெறும் பசையல்ல. இவற்றுள் விண்மீன் வடிவான ‘ஆஸ்ட்ரோசைட்’ அணுக்கள், நரம்பணுக்கள் வெளிவிடும் பொட்டாசியத்தையும், கிளர்ச்சியூட்டும் குளூட்டமேட்டையும் உறிஞ்சி அகற்றுகின்றன. வயலின் மிகுநீரை வடிக்கும் வாய்க்கால் போன்றவை இவை.

தலைக்காயம், மூளைக்காய்ச்சல், மூளையில் தங்கும் நாடாப்புழுக் கட்டி, நீடித்த வலிப்பு ஆகியவற்றால் இவ்வணுக்கள் பருத்து உருமாறுகின்றன, சிலவிடத்துத் தழும்பாகின்றன. வாய்க்கால் தூர்ந்தால் பயிர் மூழ்குவதுபோல், நரம்பணுக்கள் கட்டிழந்து ஒருங்கே கிளர்ந்தெழ இம்மாற்றம் வழிவகுக்கிறது. ‘மைக்ரோகிளியா’ என்னும் மற்றொரு துணையணு அழற்சியை வளர்க்கிறது. இன்றைய மருந்துகள் பெரும்பாலும் நரம்பணுக்களின் கிளர்ச்சியை அடக்குவன. துணையணுக்களைச் சீராக்கும் வழியை ஆய்வாளர் தேடி வருகின்றனர்.

ஆகவே இது சாபமன்று, மூளையின் நோய். தக்க மருத்துவம் பெற்றால் 10 பேரில் 7 பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்துத் திருமணச் சட்டத்தில் தடையாக இருந்த வலிப்பும் 1999-இல் நீக்கப்பட்டது.

இளைஞர்களே! வலிப்புற்றவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். இறுகிய ஆடையைத் தளர்த்துங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், நீர் புகட்டாதீர்கள். இரும்பால் வலிப்பு நிற்பதில்லை. பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே அடங்கும். 5 நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனை சேருங்கள். மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தலாகாது.

அம்மாணவன் மாத்திரையையும் விடவில்லை, பள்ளியையும் விடவில்லை. பள்ளியிறுதித் தேர்வில் தேறினான்.

தொடலாகாது என்று விலக்கப்படுவதன் கொடுமையைத் தலைமுறை தலைமுறையாகப் பட்டறிந்தவர்கள் நாம். நோயுற்றுத் தரையில் கிடப்பவனை விட்டு நாமே விலகி நிற்கலாமா? முதலில் நீளும் கை நம் கையாக இருக்கட்டும்.