ஆட்டத்துக்கு ஒரு கணக்கு, நாட்டுக்கு ஒரு கணக்கா?



விளையாட்டு, வரி, ஊடகம் ஆகிய மூன்றையும் ஒரே அழைப்பிதழில் கண்டவர்கள், "இது என்ன சேர்மானம்?" என்று கேட்டார்கள். மூன்று துறைகளிலும் உள்ளவர்கள் தனித்தனி அறைகளில் இருந்து பேசியே பழகிவிட்டதால் எழுந்த கேள்வி அது. அந்தத் தனித்தனி அறைகள்தான் இன்றைய கருத்தரங்கின் பொருள்.

இதை மட்டக்களப்பில் நடத்துவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. உதைபந்தாட்டம் இங்கே பொழுதுபோக்கு என்ற எல்லையைத் தாண்டியது. புனித மிக்கேல் கல்லூரியில் பணியாற்றிய அமெரிக்க யேசுசபைத் துறவி வெபர் அடிகளாரின் பெயரை நகரின் மைதானம் இன்றும் தாங்கி நிற்கிறது. ஏறாவூரிலும் ஓட்டமாவடியிலும் படுவான்கரைக் கிராமங்களிலும் மாலை ஐந்து மணிக்குப் பந்து உருளாத வெளி குறைவு. உலகக் கிண்ணக் காலத்தில் ஆர்ஜென்டினாக் கொடியும் பிரேசில் கொடியும் நம் தெருக்களில் பறக்கின்றன. இத்தனை அன்பு உள்ள இடத்தில்தான் அன்பு நம் கண்ணை எங்கே மறைக்கிறது என்பதையும் பேச வேண்டும்.

ஒரே மாதத்தில் வெளிவந்த இரண்டு செய்திகளில் இருந்து தொடங்குகிறேன். 2016 ஏப்ரலில் பனாமா ஆவணங்கள் வெளியாயின. மொசாக் பொன்சேகா என்ற சட்ட நிறுவனத்தில் இருந்து கசிந்த ஒரு கோடியே 15 இலட்சம் கோப்புகள் அவை. ஐஸ்லாந்துப் பிரதமரின் பெயர் அவற்றில் இருந்தது. சில நாட்களில் அவர் பதவி விலகினார். லியோனல் மெஸ்ஸியின் பெயரும் அதே கோப்புகளில் இருந்தது. அவரோடு இணைத்துச் சொல்லப்பட்ட நிறுவனம் இயங்கவே இல்லை என்று மெஸ்ஸியின் குடும்பம் மறுத்தது. அந்த மறுப்பைப் பதிவு செய்வது நியாயம். ஆனால் மூன்று மாதங்கள் கழித்து, ஜூலையில், வேறொரு வழக்கில் பார்சலோனா நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்த்தது. 2007 முதல் 2009 வரை பட உரிமை வருமானத்தை வெளிநாட்டு நிறுவனங்கள் வழியாகத் திருப்பி, 41 இலட்சம் யூரோ வரியைச் செலுத்தாமல் விட்டார் என்பது குற்றம். 21 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பிறகு அது அபராதமாக மாற்றப்பட்டது. தீர்ப்பு வந்த சில நாட்களில் அவருடைய கழகம், "நாம் எல்லோரும் மெஸ்ஸி" என்ற கருத்தில் ஆதரவு இயக்கம் ஒன்றையே தொடங்கியது.

2019 ஜனவரியில் கிறிஸ்டியானோ ரொனால்டோ மட்ரிட் நீதிமன்றத்தில் வரிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஏறத்தாழ 1 கோடியே 88 இலட்சம் யூரோ செலுத்தச் சம்மதித்தார். அன்று உலகெங்கும் பரவிய படத்தில் அவர் புன்னகைத்துக்கொண்டிருந்தார். அரசியல்வாதி ஒருவர் வரிக் குற்றத்துக்காக நீதிமன்றப் படியில் நின்று சிரித்திருந்தால் நம் நாளிதழ்கள் அந்தப் படத்துக்கு என்ன தலைப்பு இட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிரதமருக்கும் ஆட்டக்காரருக்கும் வேறுபாடு உண்டு என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். வரி விதிக்கும் அதிகாரம் உள்ளவருக்கு ஒழுக்கக் கடமை கூடுதல். ஆனால் அந்த வேறுபாட்டைச் சிந்தித்து, எடைபோட்டு எழுதியவர்கள் எத்தனை பேர்? பெரும்பாலும் செய்தி எந்தப் பக்கத்தில் விழுகிறதோ அந்தப் பக்கமே தீர்ப்பையும் எழுதிவிடுகிறது. முதற்பக்கத்தில் விழுந்தால் ஊழல். வர்த்தகப் பக்கத்தில் விழுந்தால் நிதித் திட்டமிடல். விளையாட்டுப் பக்கத்தில் விழுந்தால், "அடுத்த போட்டியில் அவர் ஆடுவாரா?" சந்தையில் மீன் நிறுப்பவர் ஆளைப் பார்த்துப் படிக்கல்லை மாற்றினால் நாம் சண்டைக்குப் போவோம். பத்திரிகை மாற்றினால் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம்.

பிரித்தானியாவில் 2012ஆம் ஆண்டு இதற்கு நல்ல பாடம். அந்த நவம்பரில் ஸ்டார்பக்ஸ், அமேசன், கூகுள் நிறுவனங்களின் அதிகாரிகளை நாடாளுமன்றக் குழு கூப்பிட்டு விசாரித்தது. நாடே கொதித்தது. அவை செய்தது சட்டத்துக்கு உட்பட்ட தவிர்ப்பு. அதே ஆண்டில் கிளாஸ்கோவின் ரேஞ்சர்ஸ் கழகத்தை நடத்திய நிறுவனம் கடனில் மூழ்கியது. வீரர்களுக்கு அறக்கட்டளைகள் வழியாகக் கடன் என்ற பெயரில் பணம் கொடுத்த முறை ஒன்றை அக்கழகம் பல ஆண்டுகள் கையாண்டிருந்தது. அது சம்பளமே, வரி செலுத்தியிருக்க வேண்டும் என்று 2017 ஜூலையில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அந்த ஆண்டுகளில் விளையாட்டுப் பக்கங்கள் வாங்கப்பட்ட வீரர்களையும் வென்ற கிண்ணங்களையும் எழுதின. அந்தப் பணம் எந்த வழியாகப் போனது என்று தேடியவர்கள் மிகச் சிலர்.

பாரபட்சம் ஒருபக்கமாக மட்டுமே ஓடுகிறது என்றும் நினைக்க வேண்டாம். திரைப்பட முதலீடு என்ற பெயரில் பிரித்தானியாவில் விற்கப்பட்ட வரிச் சலுகைத் திட்டங்கள் அம்பலமானபோது, செய்திகளோடு வந்த படங்கள் பெரும்பாலும் உதைபந்தாட்டக்காரர்களுடையவை. அதே திட்டங்களில் பணம் போட்ட வங்கியாளர்களுக்கும் அவற்றை வடிவமைத்துக் கட்டணம் வாங்கிய ஆலோசகர்களுக்கும் முகமே இல்லை. தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து இருபது வயதில் செல்வந்தனான ஆட்டக்காரன் பேராசைக்காரன் ஆகிறான். அவனுக்குத் திட்டத்தை விற்றவர் கெட்டிக்காரர் ஆகிறார். ஆட்டக்காரனைக் கடவுளாக்கும் பேனாவும் பலியாடாக்கும் பேனாவும் ஒன்றுதான். இரண்டு வேளையும் அது கணக்கைப் பார்ப்பதில்லை.

ஊடகங்களும் இந்தக் கணக்குக்கு வெளியே இல்லை. 2009இல் கார்டியன் நாளிதழ் பெருநிறுவனங்களின் வரித் தவிர்ப்புப் பற்றி அருமையான தொடர் ஒன்றை வெளியிட்டது. அதற்கு முந்தைய ஆண்டில், அதே ஊடகக் குழுமம் கூட்டாளியோடு சேர்ந்து எமாப் நிறுவனத்தை வாங்கியபோது கேமன் தீவுகளில் பதிவான நிறுவனம் ஒன்றைப் பயன்படுத்தியிருந்தது. டெஸ்கோ பல்பொருள் அங்காடி நிறுவனத்தின் வரி பற்றி அது எழுதிய செய்தியில் வரியின் வகையையும் தொகையையும் தவறாகக் குறிப்பிட்டு, பின்னர் மன்னிப்புக் கேட்கவும் நேர்ந்தது. இதைச் சொல்வது அந்தப் பத்திரிகையைத் தாழ்த்த அல்ல. வரிச் செய்திக்கு நேர்மை மட்டும் போதாது, தேர்ச்சியும் வேண்டும். தேர்ச்சி உள்ளவர் தன் வீட்டுக் கணக்கையும் திறந்து வைக்க வேண்டும்.

இனி, வீரர்களையும் கழகங்களையும் விட்டுப் போட்டிகளுக்கு வருவோம். உலகக் கிண்ணத்தை நடத்த விரும்பும் நாடு, ஃபிஃபாவுக்கும் அதன் பங்காளிகளுக்கும் பரந்த வரிவிலக்குத் தர வேண்டும் என்பது நெடுநாள் நிபந்தனை. 2010இல் தென்னாபிரிக்கா போட்டி இடங்களைச் சுற்றி வரியில்லாத வளையமே அமைத்துக் கொடுத்தது. பிரேசில் 2014ஆம் ஆண்டுப் போட்டிக்காக 2010இலேயே தனிச்சட்டம் இயற்றியது. பெல்ஜியத்தோடு சேர்ந்து 2018ஆம் ஆண்டுப் போட்டிக்கு விண்ணப்பித்த நெதர்லாந்தின் அரசு, ஃபிஃபா கேட்ட சலுகைகளைத் தன் மக்களுக்கு வெளிப்படையாகச் சொன்னது. இவ்வளவு பெரிய வரிச் சலுகையை ஒரு மதுபான நிறுவனமோ எண்ணெய் நிறுவனமோ கேட்டிருந்தால் அது மாதக்கணக்கில் தலையங்கமாகியிருக்கும். உலகக் கிண்ணத்தில் அது மைதானத்தின் புல்லுக்கு அடியில் போய்விட்டது.

நமக்கு இதில் என்ன பங்கு? நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இங்கேதான். ஃபிஃபாவின் அபிவிருத்தித் திட்டத்தின் கீழ் 2023 முதல் 2026 வரையான காலத்துக்கு ஒவ்வோர் உறுப்புச் சங்கமும் 80 இலட்சம் டொலர் வரை பெறலாம். உலகக் கிண்ண வருமானமே அந்தப் பணத்தின் ஊற்று. போட்டி நடத்திய நாட்டின் திறைசேரி விட்டுக்கொடுத்த வரியின் ஒரு துளி, கொழும்பு வழியாக நமக்கும் வரக்கூடியது. ஆக, நாம் இந்தக் கதையில் வெறும் பார்வையாளர்கள் அல்லர். அந்தத் துளி வெபர் மைதானத்துக்கு எவ்வளவு வந்தது, படுவான்கரைப் பாடசாலை ஒன்றுக்கு எத்தனை பந்தாக மாறியது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. 2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தி, ஆகஸ்டில் தடையை நீக்கியது. அந்த மாதங்களில் நம் பத்திரிகைகளில் தேர்தல் பிணக்கும் அமைச்சரின் பேச்சும் நிறைய வந்தன. பணம் வந்த வழியும் போன வழியும் அரிதாகவே வந்தன. இத்தனைக்கும், இந்நாட்டு உதைபந்தாட்டத்தின் தலைவராக இருந்த மணிலால் பெர்னாண்டோவுக்கு ஃபிஃபாவே 2013இல் ஆயுட்காலத் தடை விதித்திருந்தது.

விளையாட்டை விட்டு நாட்டின் வரிக்கு வந்தால் அதே பழக்கம் இன்னும் பெரிய அளவில் தெரிகிறது. 2020 ஒக்டோபரில் சீனி மீதான விசேட பண்ட வரி கிலோவுக்கு 50 ரூபாவில் இருந்து 25 சதமாகக் குறைக்கப்பட்டது. 15 பில்லியன் ரூபாவுக்கு மேற்பட்ட வருமானம் இழக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டது. ஊடகங்கள் உரத்துக் கேள்வி எழுப்பின. நல்லது. ஆனால் அதற்குப் பத்து மாதங்கள் முன்னர், 2019 டிசம்பரில், பெறுமதி சேர் வரி 15 வீதத்தில் இருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. ஆண்டுக்கு 30 கோடி ரூபாவுக்குக் குறைந்த விற்பனை உள்ள வணிகங்கள் அந்த வரியில் இருந்தே விடுபட்டன. சீனியில் போனதைவிடப் பன்மடங்கு இதில் போயிற்று. 2019இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 11 வீதத்துக்கு மேல் இருந்த வரி வருமானம், 2021இல் 8 வீதத்துக்கும் கீழே இறங்கியது. அன்றைய தலைப்புகளில் அது "நிவாரணம்". நாடு கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த 2022 ஏப்ரல் வரை அந்தத் தலைப்பைத் திருத்த யாரும் அவசரப்படவில்லை. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், அன்றைய ஆட்சியாளர்களும் அதிகாரிகளும் பொருளாதார நெருக்கடிக்குப் பொறுப்பானவர்கள் என்று தீர்த்தபோதுதான் வரிக் குறைப்பும் குற்றப்பட்டியலில் ஏறியது.

பின்னர் கட்டியவர் யார்? 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 வீதம். பெற்றோலும் டீசலும் சமையல் எரிவாயுவும் அதற்குள் வந்தன. வருமான வரி கட்டும் அளவுக்கு உழைக்காத வாவி மீனவரும் வாழைச்சேனைக் கடைக்காரரும் விலையோடு சேர்த்து நாள்தோறும் வரி கட்டுகிறார்கள். பதினெட்டு வயது கடந்தவர்கள் வரி இலக்கம் எடுக்க வேண்டும் என்ற அறிவிப்பு வந்தபோது, எடுக்காவிட்டால் 50,000 ரூபா அபராதம் என்ற செய்தி ஊரெல்லாம் பரவியது. அதே ஊடகங்கள், கொழும்புத் துறைமுக நகரத்தில் 40 ஆண்டுகள் வரை வரிவிலக்குத் தர 2021ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது என்பதை எத்தனை தடவை அதே பெரிய எழுத்தில் அச்சிட்டன?

நம் மாவட்டத்திலும் சான்று உண்டு. 2017 மார்ச்சில், கல்குடாவில் கட்டப்பட்டுவந்த எதனோல் தொழிற்சாலை பற்றிச் செய்தி சேகரிக்கச் சென்ற செய்தியாளர்கள் துரத்தித் தாக்கப்பட்டனர். மது, பண்பாடு, நிலத்தடி நீர் பற்றியெல்லாம் எழுதப்பட்டது. தேவையான எழுத்துத்தான். முதலீட்டுக்குக் கிடைத்த வரிச் சலுகை பற்றிய கேள்வி மட்டும் அரசியல் மேடையில் எழுந்து அங்கேயே அடங்கியது.

இதற்காக நம் பிராந்தியச் செய்தியாளரைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. செய்தியாளர் ஐயாத்துரை நடேசன் 2004 மே 31இல் இந்த நகரில்தான் சுட்டுக் கொல்லப்பட்டார். துணிவு பற்றிக் கொழும்பில் இருந்தோ இலண்டனில் இருந்தோ நமக்குப் பாடம் சொல்லத் தேவையில்லை. செய்தி ஒன்றுக்கு இவ்வளவு என்ற கொடுப்பனவில், காலையில் நீதிமன்றமும் மாலையில் உதைபந்தாட்டமும் எழுதுபவரிடம் ஐந்தாண்டுக் கணக்கறிக்கையைப் படிக்கும் நேரத்தைக் கேட்பதற்கு முன், அந்த நேரத்துக்குச் சம்பளம் கொடுக்கிறோமா என்று நிறுவனங்களைக் கேட்க வேண்டும். ஆனால் காலையில் நீதிமன்றத்துக்கும் மாலையில் மைதானத்துக்கும் ஒரே ஆள் போவதில் ஒரு வாய்ப்பும் இருக்கிறது. பெரிய நகரங்களில் இரண்டு மேசைகளாகப் பிரிந்த அறிவு இங்கே ஒரே தலைக்குள் இருக்கிறது.

ஆகவே இந்தக் கருத்தரங்கின் முன் சில வேலைகளை வைக்கிறேன்.

முதலாவது, வரிச் செய்தி எந்தப் பக்கத்தில் வந்தாலும் மாறாத நான்கு கேள்விகள். நடந்தது சட்டத்தை மீறியதா, சட்டத்தின் இடைவெளியைப் பயன்படுத்தியதா? தொகை எவ்வளவு? அந்த வழியை வடிவமைத்தவர் யார்? விடுபட்ட தொகையை இறுதியில் கட்டியவர் யார்? ஆட்டக்காரர், அமைச்சர், ஆலை முதலாளி, பத்திரிகை உரிமையாளர் எவரானாலும் கேள்விகள் இவையே. பதில்கள் வேறுபடட்டும். கேள்விகள் வேறுபட வேண்டாம்.

இரண்டாவது, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 முதல் நடைமுறையில் இருக்கிறது. தனியாளின் வரிக் கோப்பு இரகசியம் என்பதை மதிப்போம். ஆனால் ஒரு திட்டத்துக்கு அரசு கொடுத்த சலுகையும், ஒரு மைதானத்துக்கு ஒதுக்கிய பணமும் தனியாளின் இரகசியங்கள் அல்ல. பல்கலைக்கழக மாணவர்கள் ஆளுக்கொரு விண்ணப்பம் எழுதினாலே அடுத்த அமர்வுக்குள் ஒரு மாவட்டப் பதிவேடு உருவாகும்.

மூன்றாவது, ஆய்வாளர்களுக்கு. 2019 டிசம்பர் வரிக் குறைப்பையும் 2020 சீனி வரியையும் தமிழ் நாளிதழ்கள் எப்படி எழுதின என்று ஒப்பிட்டு, தலைப்பு தலைப்பாக எண்ணிக் காட்டுங்கள். நான் இங்கே சொன்னது வாசகனின் பார்வை. அதை உறுதிப்படுத்தவோ மறுக்கவோ உங்களிடம் முறை இருக்கிறது. மறுத்தால் நான் மகிழ்வேன், ஏனென்றால் நம் ஊடகம் நான் எண்ணியதைவிட நல்லது என்று அதற்குப் பொருள்.

நான்காவது, இரசிகர்களாகிய நமக்கு. ரொனால்டோவின் கோலைக் கொண்டாடுவதை யாரும் விட வேண்டாம். வரிக் குற்றத்தை ஒப்புக்கொண்டவர் என்பதையும் அதே மூச்சில் சொல்ல நமக்குத் தைரியம் வேண்டும். நமக்குப் பிடித்தவரை அளக்கத் தெரியாத சமூகம், பிடிக்காதவரை அளப்பதும் நியாயமாக இராது.

கட்டுரை படிக்க வந்திருப்பவர்கள் தங்கள் நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்றும், கேள்வி கேட்பவர்கள் கேள்வியையே கேட்க வேண்டும் என்றும் தலைவர் என்ற உரிமையில் கேட்டுக்கொண்டு, முதல் அமர்வைத் தொடங்கி வைக்கிறேன்.